பராக்கு

"வாயத் திற" என்று அம்மா மாத்திரையை நீட்டினாள்.

கூடத்தின் நடுவே கட்டிலில் சின்னவளைக் கிடத்தியிருந்தார்கள். அம்மா அந்தக் கட்டிலின் கால்மாட்டைச் சுற்றிக்கொண்டு, டம்ளர் தண்ணீர் தளும்பாமல், சுவரோரம் நாற்காலியில் இருந்த பெரியவளிடம் வந்திருந்தாள். செத்தது இளைய மகள். மாத்திரை மூத்த மகளுக்கு. வீடே இடிந்து விழுந்தாலும் பெரியவளின் காலை மாத்திரை தள்ளிப்போகக் கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். இன்று வீடு இடிந்துதான் விழுந்திருந்தது. சட்டம் மட்டும் அப்படியே இருந்தது.

பெரியவள் வாயைத் திறந்தாள், விழுங்கினாள், நாக்கைத் தூக்கிக் காட்டினாள். நாற்பதை எட்டப்போகிறவள் நாலு பேர் முன்னால் நாக்கைத் தூக்கிக் காட்டுகிறோமே என்ற வெட்கமெல்லாம் அவளுக்குப் போய்ப் பல காலம் ஆகியிருந்தது.

"அழாத. அழுதா உனக்கு வந்துடும்."

காதில் விழுந்த பெண்கள் அதைப் பக்கத்தில் இருந்தவர்களுக்குச் சொன்னார்கள். பெரியவளை அழவிடாதீர்கள், அவளுக்கு வந்துவிடும். யாரோ ஒருத்தி எழுந்து மேசை விசிறியை அவள் பக்கம் திருப்பி வைத்தாள். சின்னவள் மேல் போர்த்தியிருந்த துணி அதுவரை லேசாக அசைந்துகொண்டிருந்தது, அதோடு நின்றுபோனது.

அழச் சொன்னால் மட்டும் அவளுக்கு அழுகை வந்திருக்குமா என்பது வேறு விஷயம். நேற்று சாயங்காலம் சேதி வந்ததிலிருந்து அவளுக்குள் துக்கத்துக்கு இடமில்லாமல் ஒரு பயம் உட்கார்ந்திருந்தது. யாராவது அந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவார்களோ என்ற பயம்.

வலிப்பு என்றால் என்ன என்று அந்த வீட்டுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே பெரியவளுக்கு வந்துவிட்டது. முதலில் மூக்கில் ஒரு வாசனை வரும். ரப்பர் கருகுகிற வாசனை. அத்தோடு உலகம் அணைந்துபோகும். பிறகு கண் விழிக்கும்போது தரையில் கிடப்பாள், நாக்கு புண்ணாகியிருக்கும், துணி நனைந்திருக்கும், உடம்பை யாரோ அடித்துத் துவைத்த மாதிரி வலிக்கும். நடுவில் நடந்தது ஒன்றும் தெரியாது. அவளுக்கு வருவதை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை.

பார்த்தவர்கள் மற்றவர்கள். அம்மா இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை உருவி அவள் கையில் திணிப்பாள். அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று டாக்டர் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனார். திணிக்காவிட்டால் அம்மாவுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. தலையணை கொண்டுவருவது சின்னவள் வேலை. ஓடிவந்து தலைக்கு அடியில் வைத்து, அக்காவை ஒருக்களித்துப் படுக்கப் போட்டு, எச்சிலைத் துடைத்துவிடுவாள். எல்லாம் அடங்கி அக்கா கண் விழித்ததும், அவள் கேட்டால், நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்வாள். "மொதல்ல ஒரு சத்தம் போட்டக்கா. அப்புறம் வெறச்சுப் போச்சு. எடது கைதான் மொதல்ல உதறுச்சு, அப்புறம் எல்லாம்." கதை சொல்கிற மாதிரி, பயமுறுத்தாமல் சொல்வாள்.

ஆக, வலிப்பென்றால் விழ வேண்டும். விறைக்க வேண்டும், வெட்டி இழுக்க வேண்டும், நுரை தள்ள வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் அம்மா அதை வலிப்பு என்று ஒத்துக்கொள்ள மாட்டாள். ஊரில் எவர் வீட்டுப் பிள்ளை மயங்கி விழுந்தாலும் அம்மாவைத்தான் கூப்பிடுவார்கள். அவளும் போய்ப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, இது அது இல்லை, வெயில்தான் என்று சொல்லிவிட்டு வருவாள். அவள் சொன்னது பெரும்பாலும் சரியாகவும் இருந்து தொலைத்தது. அதுதான் கேடு.

சின்னவள் விழவே மாட்டாள். நிற்பாள். பேசிக்கொண்டே இருப்பவள் பாதியில் நின்று எதிரே வெறிப்பாள். உதடு எதையோ மெல்லும். விரல்கள் சட்டைப் பொத்தானைத் தேடிப் பிடித்துத் திருகும். கூப்பிட்டால் காதில் ஏறாது. கொஞ்ச நேரத்தில் தானாகத் தெளிந்து, "என்ன கேட்ட?" என்பாள். வாயில் ஈ போவது தெரியாமல் நிற்கிறாள் பார் என்று அம்மா மண்டையில் ஒன்று வைப்பாள். வீட்டில் அவளுக்குப் பராக்கு என்று பெயர் வைத்தார்கள். வாத்தியார்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவளும் திரும்பிப் பார்த்தாள்.

ஒருமுறை துணி தேய்க்கும்போது அப்படி நின்றுவிட்டாள். இஸ்திரிப் பெட்டி துணியைத் தீய்த்தது, சாய்ந்து அவள் முழங்கையையும் தீய்த்தது, அவள் மென்றுகொண்டே நின்றாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவள் அதை முழுக்கப் பார்த்தாள். கை தீய்வது தெரியாமல் ஒருத்தி பராக்குப் பார்க்க முடியாது என்று அவளுக்கு அன்றைக்கே தெரியும். அம்மா வந்து, துணியைத் தீய்த்ததற்கு அறைந்துவிட்டு, கைக்கு மருந்து போட்டாள்.

மறுநாள் மத்தியானம் சின்னவள் கட்டுப்போட்ட கையோடு அக்காவின் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டு கேட்டாள். "அக்கா, உனக்கு வர்றதுக்கு முன்னாடி ரப்பர் கருகுற வாசனை வரும்பியே. எனக்கும் வருதுக்கா. நேத்து வந்துச்சு."

பெரியவள் எழுந்து நேரே அடுக்களைக்குப் போய், இவள் என்னைப் பார்த்துக் காப்பி அடிக்கிறாள், தனக்கும் வாசனை வருகிறதாம் என்று அம்மாவிடம் சொன்னாள். அன்றைக்கு விழுந்த அடி இஸ்திரிப் பெட்டியைவிட மோசம். நோயாளியைப் பார்த்து நடிக்கிறாயா, நடிப்புக்காரி, வாய் வைத்தால் நிஜமாகவே வந்துவிடும் என்று சொல்லிச் சொல்லி அம்மா அடித்தாள். அதற்கப்புறம் சின்னவள் வாசனையைப் பற்றி யாரிடமும் வாய் திறக்கவில்லை.

ஏன் போய்ச் சொன்னாள் என்றால், பெரியவளிடம் அது ஒன்றுதான் இருந்தது. அடுப்புப் பக்கம் விடமாட்டார்கள், தனியாகத் தெருவில் விடமாட்டார்கள், படிப்பு பாதியில் நின்றது, பெண் கேட்டு ஒருவரும் வரவில்லை. வீட்டில் விசிறி அவள் பக்கம் திரும்புவதும், பாலில் ஆடை அவளுக்கு விழுவதும் அந்த ஒன்றால்தான். அதிலும் பங்கு கேட்டு வந்து நிற்கிறாளே என்று இருந்தது.

சின்னவளுக்குப் பிறகு எல்லாம் நடந்தது. தையல் கம்பெனியில் வேலை கிடைத்தது, லாரி ஓட்டுகிற மாப்பிள்ளை கிடைத்தார், ஒரு பெண் குழந்தை பிறந்தது. பராக்குக்கு வந்த வாழ்வைப் பார் என்று பெரியவள் சிரித்துக்கொண்டே சொல்வாள். சின்னவளும் சிரிப்பாள்.

சில வருஷங்களுக்கு முன்னால் பெரிய ஆஸ்பத்திரியில் புதிதாக ஒரு டாக்டரம்மா வந்திருந்தாள். பொறுமையாக உட்கார வைத்துப் பேசினாள். வலிப்பு ஒரே மாதிரி இருக்காது, வீட்டு வயரிங் மாதிரி என்றாள். சிலருக்கு வீடு முழுக்கக் கரண்டு போகும், சிலருக்கு ஒரு ரூமில் மட்டும் விளக்கு அணைந்து எரியும். ஒரு ரூமில் தொடங்கி வீடு முழுக்கப் பரவுவதும் உண்டு, உங்களுடையது அந்த வகை என்றாள். சிறு பிள்ளைகள் சிலர் கண்ணை இமைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் வெறித்துவிட்டு விட்ட இடத்திலிருந்து படிப்பார்களாம், சிலருக்குக் காலையில் கை வெட்டி இழுத்துக் கையில் இருப்பது சிதறுமாம். எல்லாமே வலிப்புதான், ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே மாத்திரை கிடையாது என்றாள். பிறகு கேட்டாள்.

"உங்க வீட்ல வேற யாருக்காவது இருக்கா? விழ வேணாம். நின்ன எடத்துல வெறிச்சுப் பாக்குறது, வாயை மெல்லுறது, துணியைத் திருகுறது, இந்த மாதிரி?"

அம்மா மருந்து வாங்குகிற வரிசையில் நின்றிருந்தாள். சின்னவள் அரைநாள் லீவு போட்டு அக்காவுக்குத் துணைக்கு வந்து, கதவுக்கு வெளியே பெஞ்சில், அக்காவின் செருப்புக்குக் காவலாக உட்கார்ந்திருந்தாள்.

"இல்ல டாக்டர். எனக்கு மட்டும்தான்" என்றாள் பெரியவள்.

அந்த டாக்டரம்மா எங்கேயோ மாற்றலாகிப் போய்விட்டாள். கேள்வி மட்டும் போகவில்லை.

நேற்று சாயங்காலம் சின்னவள் பால் வாங்கப் போனாள். குழந்தைக்குப் பென்சில் சீவுகிற துருவியும் வாங்கி வருவதாகச் சொன்னாளாம். நடுத் தெருவில் நின்றுவிட்டாள். வேன் ஓட்டியவன் போலீஸில் அழுதுகொண்டே சொன்னது இதுதான். ஹாரன் அடித்தேன், கத்தினேன், அந்தம்மா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள், வாயில் எதையோ மென்றுகொண்டு, நகரவே இல்லை.

மாமா, அதாவது அம்மாவின் தம்பி, கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். தீர்ப்புச் சொல்கிற பழக்கம் மட்டும் ஓய்வு பெறவில்லை. வேன்காரன் சொன்னதைக் கேட்டதும், அவள் வேண்டுமென்றே நின்றிருக்கிறாள் என்று தீர்ப்பெழுதிவிட்டார். அம்மா முதலில், ரோட்டிலும் பராக்குப் பார்த்திருக்கிறாள் சனியன், என்றுதான் தலையில் அடித்துக்கொண்டாள். மாமா சொன்னதும் அதைச் சிக்கெனப் பிடித்துக்கொண்டாள். பராக்குப் பார்த்துச் செத்தாள் என்றால் வளர்த்தவள் மேல் குறை. மனசு வெறுத்துச் செத்தாள் என்றால் கட்டியவன் மேல் குறை. பொழுது விடிவதற்குள் மாப்பிள்ளை அவளைச் சாகடித்தவர் ஆகியிருந்தார்.

அவர் வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். லாரியைப் பாதி வழியில் வேறொருத்தனிடம் ஒப்படைத்துவிட்டு வந்தவர், சட்டையில் கிரீஸ் கறை. வந்தவர்களுக்கெல்லாம் டீ போனது, அவரைத் தாண்டிப் போனது. காரியம் முடிந்ததும் குழந்தை இங்கேயே இருக்கட்டும், அவன் கையில் கொடுக்க மாட்டேன் என்று அம்மா எல்லார் காதிலும் விழும்படி சொல்லியிருந்தாள். அவளைச் சாகத் தூண்டியவன் என்று போலீஸிலும் எழுதிக் கொடுக்கப்போவதாக மாமா சொல்லியிருந்தார்.

குட்டி என்றுதான் அந்தக் குழந்தையைக் கூப்பிடுவார்கள். இரண்டாம் வகுப்பு. வெள்ளை நிறத்தில் வேறு உடுப்பு இல்லாததால் பள்ளிச் சட்டையைப் போட்டுவிட்டிருந்தார்கள். காலையில் பெரியம்மாவுக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார்கள் என்று சொம்பும் டம்ளருமாக வந்தாள். ஊற்ற ஆரம்பித்தாள். டம்ளர் நிறைந்தது, வழிந்தது, தரையில் ஓடிப் பெரியவளின் காலை நனைத்தது. சொம்பு சாய்ந்தபடியே இருந்தது. குட்டியின் கண்கள் திறந்திருந்தன, உதடு மென்றது.

அம்மா வந்து குட்டியின் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். "ஆத்தாளை மாதிரியே வாய்ச்சிருக்கு பாரு. கண்ணு எங்கடி போச்சு?"

குட்டி கொஞ்சம் கழித்துத்தான் அழுதாள். எதற்குக் கிள்ளினார்கள் என்று தெரியாத அழுகை. பெரியவள் ஈரமான காலைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். சொல்லிவிடலாம், இப்போது சொன்னால் இந்தக் குழந்தையாவது பிழைக்கும் என்று தோன்றியது. இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று அடுத்த கேள்வி வரும் என்பதும் கூடவே தோன்றியது. அவள் விசிறிக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

சுடுகாட்டுக்குக் கொண்டுபோகிற வண்டி வருவதற்குக் கொஞ்சம் முன்னால் தையல் கம்பெனியின் சூப்பர்வைசரம்மா வந்தாள். பருத்த உடம்பு, கழுத்தில் இன்னும் அளவெடுக்கிற இஞ்ச் டேப் தொங்கியது, கழற்ற மறந்திருக்கிறாள். கையில் சின்னவளின் வேலைக் கோட்டும் சாப்பாட்டு டப்பாவும். கோட்டைக் கட்டிலின் ஓரத்தில் வைத்தாள். அதில் நடுப் பொத்தான் இல்லை. திருகித் திருகியே பிய்ந்துபோயிருந்தது.

பிறகு அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, மெதுவாகத்தான் கேட்டாள். ஆனால் மெஷின் சத்தத்துக்கு மேல் கத்திப் பழகிய தொண்டை, கூடம் முழுக்கக் கேட்டது.

"ஏம்மா, அவளுக்கு வலிப்பு இருந்துச்சா?"

பெரியவள் நாற்காலியின் கையைப் பிடித்தாள்.

பொத்தான் துளை போடுகிற காஜா மெஷினில் இருக்கும்போதே திடீரென்று நிறுத்திவிட்டு வெறிப்பாள், மெல்லுவாள், கூப்பிட்டால் தெரியாது என்றாள் சூப்பர்வைசரம்மா. ஒருநாள் ஊசிக்கு அடியில் விரல் போக இருந்ததாம், பார்த்துவிட்டுத் துணி மடிக்கிற மேசைக்கு அவளை மாற்றினாளாம். தன் தங்கை மகனுக்கும் இதே மாதிரிதான், அவன் ஒருநாளும் விழுந்ததில்லை, டாக்டர் அதுவும் ஒரு வகை வலிப்பு என்று மாத்திரை கொடுத்தார், இப்போது வருவதே இல்லை என்றாள். "டாக்டர்கிட்ட போடின்னு சொன்னேன். எங்க வீட்ல அது அக்காவுக்குத்தான்க்கா, எனக்குக் கிடையாதுன்னு சிரிச்சா."

அம்மா கையை உருவிக்கொண்டாள். "வலிப்புன்னா என்னன்னு எங்களுக்கா தெரியாது? இத்தன வருசமா ஒண்ண வச்சுக்கிட்டு அல்லாடுறேன். விழுவாளா அவ? நொரை தள்ளுவாளா? அது பராக்கு. பொறந்ததுலேருந்து பராக்கு."

வாசல்படியிலிருந்து மாப்பிள்ளை எழுந்து உள்ளே வந்தார். வந்ததிலிருந்து அவர் வீட்டுக்குள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. தூக்கத்திலும் மெல்லுவாள் அத்தை, எழுப்பினால் ரப்பர் கருகுகிறது, அடுப்பைப் பாருங்கள் என்பாள், நானும் போய்ப் பார்த்துவிட்டு வருவேன் என்றார். ரப்பர் என்றதும் அம்மாவின் முகம் ஒரு கணம் மாறியது. மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தார். மாப்பிள்ளை அவரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நேரே பெரியவளின் நாற்காலிக்கு முன்னால் வந்து தரையில் உட்கார்ந்தார்.

"அக்கா, நீங்க அவகூட ஒரே ரூம்ல வளந்தவங்க. உங்களுக்குத் தெரியாம இருக்காது. சொல்லுங்கக்கா. அவளுக்கு இருந்துச்சா?"

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அம்மாவும் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அம்மா அவளை அப்படிப் பார்த்ததில்லை, பதிலுக்குக் காத்திருக்கிற பார்வை. மாப்பிள்ளைக்குப் பின்னால் குட்டி அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கிள்ளிய இடம் தொடையில் சிவந்திருந்தது.

ஆமாம் என்ற ஒரு சொல்தான். பெரியவள் வாயைத் திறந்தாள். அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் வரிசையாக என்னென்ன நிற்கிறது என்று தெரிந்தது. கை தீய்ந்ததைப் பார்த்தது, அடுக்களைக்கு ஓடியது, டாக்டரம்மா கேட்டது, வெளியே பெஞ்சில் செருப்போடு உட்கார்ந்திருந்தவள். வந்துவிடு என்று வாழ்க்கையில் முதன்முறையாக அவள் வலிப்பைக் கூப்பிட்டாள். மூக்கை உறிஞ்சினாள். பூ வாசனை வந்தது, டீ வாசனை வந்தது, மாப்பிள்ளையின் சட்டையிலிருந்து கிரீஸ் வாசனை வந்தது. ரப்பர் கருகவில்லை.

அவள் ஒரு சத்தம் போட்டாள். முதலில் சத்தம் என்றுதான் சின்னவள் சொல்லியிருந்தாள். பிறகு உடம்பை விறைத்துக்கொண்டு நாற்காலியிலிருந்து பக்கவாட்டில் சரிந்தாள். இடது கைதான் முதலில் என்பது ஞாபகம் வந்தது. இடது கையை உதறினாள். அப்புறம் எல்லாவற்றையும் உதறினாள். தலை தரையில் மோதிய வலி மட்டும் நிஜமாக இருந்தது.

கூடம் கலைந்தது. மாப்பிள்ளையை யாரோ தள்ளிவிட்டார்கள். அம்மா பாய்ந்து வந்து சாவிக்கொத்தை அவள் கையில் திணித்தாள். விரல்களை இறுக்கிக்கொள்ள வேண்டும் என்று பெரியவளுக்குத் தோன்ற ஒரு நொடி தாமதமானது. இறுக்கிக்கொண்டாள். அம்மா சூப்பர்வைசரம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். அந்த முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது.

"பாத்தியாம்மா? இதுதான் வலிப்பு. நல்லாப் பாத்துக்க."

தலை தரையில் மோதிக்கொண்டிருந்தது. தலையணை வரவில்லை. அம்மாவுக்கும் அது அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும், திரும்பிக் கட்டிலைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "யாராவது தலகாணி எடுத்தாங்களேன்" என்றாள், தாழ்ந்த குரலில்.

பெரியவள் கண்ணை முழுக்க மூடவில்லை. இமைக்குக் கீழே கால்கள் தெரிந்தன, நாற்காலிக் கால்கள், கட்டில் கால்கள். அவற்றுக்கு நடுவே உள்ளறையிலிருந்து இரண்டு சின்னக் கால்கள் ஓடிவந்தன. குட்டி தலையணையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வந்தாள். பெரியம்மாவுக்கு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்கு அவள் அம்மா சொல்லிக் கொடுத்திருக்கிறாள்.

கட்டிலுக்குப் பக்கத்தில் வந்ததும் குட்டி நின்றாள்.

கண்கள் நேரே பெரியவளைப் பார்த்தன. உதடு மெல்ல ஆரம்பித்தது. விரல்கள் தலையணை உறையின் பொத்தானைத் தேடிப் பிடித்து, திருகின.

"பராக்குப் பாக்காம சீக்கிரம் கொண்டாடி" என்று அம்மா அதட்டினாள்.

குட்டி பொத்தானைத் திருகிக்கொண்டே நின்றாள். கூடத்தில் ஒருவரும் அவள் பக்கம் திரும்பவில்லை. அக்காவுக்கு வந்தால் இவ்வளவு சீக்கிரம் நிற்காது என்று சின்னவள் சொல்லியிருந்தது பெரியவளுக்கு நினைவு வந்தது. அவள் காலை இன்னும் கொஞ்சம் வேகமாக உதறினாள்.